காலிக் கூடை

உப்பளத்துப் பழைய கிடங்கு ஒன்றில் நாங்கள் நடத்தும் ஓவிய மியூசியத்துக்கு இரண்டு விதிகள் உண்டு. படத்தில் யாருடைய முகம் இருக்கிறதோ, அவர் பார்த்துச் சம்மதித்த பிறகே அது சுவரில் ஏறும். வரைந்தவர் வைத்த பெயரில் நாங்கள் ஓர் எழுத்தைக்கூடத் தொடமாட்டோம். ஊர் மக்களுக்கான மியூசியம் என்று வாய் கிழியப் பேசினால் மட்டும் போதுமா என்று சண்டை போட்டு இவற்றை எழுத வைத்தவள் நான்தான். பெயர் ஜஹபர் நிஷா. செயலாளர் வேலை, சம்பளம் கிடையாது, ஏச்சு உண்டு.

அரிகிருஷ்ணன் லாஸ்பேட்டையில் செல்போன் கடையில் வேலை பார்க்கிறவன். அவன் படம் தேர்வானது இதுவே முதல்முறை. குருசுக்குப்பத்தில் மீன் விற்கும் செந்தமிழ்ச்செல்வி அக்கா, காலிக் கூடைக்குப் பக்கத்தில் தலையில் கைவைத்து உட்கார்ந்திருக்கிறார். பொய் சொல்வானேன், மற்ற வேலையை விட்டுவிட்டு அந்தக் கையின் நரம்புகளையே பார்த்துக்கொண்டு நின்றேன். கீழே ‘பசி’ என்று பெயர் வைத்திருந்தான்.

திறப்பு விழாவுக்கு முந்தின நாள் அக்காவை அழைத்து வந்து காட்டினேன். மூக்குத்தியைக்கூட விடாமல் போட்டிருக்கிறானே என்று சிரித்தார். பெயரைப் படித்ததும் முகம் மாறிவிட்டது.

“அன்னிக்கு வஞ்சிரம் மொத்தமும் வித்துட்டு, வெயிலுக்குச் சித்த உக்காந்தேன். அதாம்மா கூடை காலி. பசின்னு எழுதினா, எம் புள்ளைங்களுக்கு நான் சோறு போடலன்னு ஆவாதா? பேரை மாத்துங்க.”

நியாயம்தானே. அரிகிருஷ்ணனிடம் கேட்டால் முடியாது என்றான். பார்த்து வரைந்தது அக்காவை என்றாலும், மனதில் இருந்தது தன் அம்மாதானாம். வீட்டுக்குச் சோறு போட்ட மில் மூடின வருஷம் அம்மா அப்படித்தான் உட்கார்ந்திருந்தாராம். பசி என்றால் பசிதான் என்று பிடிவாதமாக நின்றான்.

தலைவர் இளஞ்செழியன் சார் ஓய்வுபெற்ற ஓவிய ஆசிரியர். பெயர்ச் சீட்டை மட்டும் எடுத்துவிட்டு மாட்டினால் யாருக்குத் தெரியப்போகிறது என்றார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. விதியை நமக்குச் சௌகரியப்பட்ட நாளில் மட்டும்தான் மதிப்பதா என்று கத்தினேன். படத்தைக் கழற்றி உள்ளறையில் வைத்தோம். அரிகிருஷ்ணன் வண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டான். பாவமாகத்தான் இருந்தது. ஆனாலும் சரியாகச் செய்தோம் என்று நிம்மதியாகத் தூங்கினேன்.

மறுநாள் மாலை, விழாக் கூட்டத்துக்கு நடுவே செல்வி அக்கா வந்தார். பட்டுப்புடவை, தலை நிறையப் பூ, இரண்டு பிள்ளைகள், பின்னால் பாதிக் குப்பம். நேராக அந்தச் சுவருக்குப் போனார். ஆணி மட்டும்தான் இருந்தது.

ஓடிப்போய் இரண்டு விதிகளையும் விளக்கினேன். அவர் சம்மதிக்காததால்தான் கழற்றினோம் என்றேன். பொறுமையாகக் கேட்டுக்கொண்டார்.

“பேரைத்தானம்மா வேணாம்னேன். என்னை வேணாம்னு எப்ப சொன்னேன்?”

அவரையும் அவனையும் ஒருமுறை எதிரெதிரே உட்கார வைத்துப் பேச விட்டிருக்கலாம். விதியில் அது இல்லை, எனக்கும் தோன்றவில்லை. கூட வந்தவர்கள் என்னையே பார்த்தார்கள். கூசிப்போய் நின்றேன்.

அக்கா சின்னவளின் கையைப் பிடித்தார். வந்ததுதான் வந்தோம், மற்றவர்கள் படத்தையாவது பார்த்துவிட்டுப் போகலாம் என்று அவளிடம் சொல்லிக்கொண்டே அடுத்த சுவருக்கு நகர்ந்தார்.