ஓரத்திலிருந்து இரண்டாவது கட்டம்

காலை எட்டரைக்கு முதல் ரத்தக் குழாயில் தேதி எழுதினேன். 13, திங்கள். நிமிர்ந்தபோது மானிட்டர் ஓரத்தில் அக்கா ஒட்டியிருந்த மஞ்சள் சீட்டு கண்ணில் பட்டது: 'அப்பா, எண்டோஸ்கோபி, திங்கள் 14, பத்து மணி.'

மறுபடி படித்தேன். திங்கள் இன்றுதான்.

அக்கா எங்கள் லேபில் சீனியர். அவருடைய அப்பாவுக்கு நாலு மாதமாக வயிற்று வலி. இரண்டு மாதம் காத்திருந்து கிடைத்த நாள் இது. விட்டால் இன்னும் இரண்டு மாதம். மருத்துவமனையிலிருந்து போன் வந்தபோது நானும் பக்கத்தில் இருந்தேன். "இந்தத் திங்கள் இல்லை, அதுக்கு அடுத்த திங்கள்" என்று திருப்பிச் சொல்லிக்கொண்டே இந்தக் கம்ப்யூட்டரின் காலண்டரைப் பார்த்து எழுதினார். கிழமையின் பெயரை அக்கா படிப்பதில்லை. ஓரத்திலிருந்து இரண்டாவது கட்டம் திங்கள். பதினைந்து வருடப் பழக்கம்.

கட்டத்தை நகர்த்தியது நான். ரத்தம் சோதிக்கும் புது மெஷின் 4.1 என்பதை 4,1 என்று அனுப்ப, கம்ப்யூட்டர் அதை 41 என்று எடுத்துக்கொண்டது. அமைப்புகளுக்குள் போய், மொழியைத் தொடாமல், பிராந்தியத்தை மட்டும், புள்ளிக்குப் பதில் காற்புள்ளி போடும் ஒரு நாட்டுக்கு மாற்றினேன். எண்கள் சரியாயின. கூடவே காலண்டரில் வாரம் திங்களில் தொடங்கியது; இரண்டாவது கட்டம் செவ்வாய் ஆனது. கவனித்தேன். கேட்டால் சொல்லிக்கொள்ளலாம் என்று இருந்துவிட்டேன்.

அக்காவுக்கு இன்று மதியம்தான் டியூட்டி. போன் அடித்தேன். எடுக்கவில்லை. கையுறையைக் கழற்றினேன், மாட்டினேன், மறுபடி கழற்றினேன். நாலாவது முறை எடுத்தார்.

"என்னடி, லேப் தீப்பிடிச்சிருச்சா?"

"அக்கா, அப்பா சாப்பிட்டாரா?"

"ஏன், நீ வந்து ஊட்டிவிடப் போறியா?"

"சாப்பிட்டாரான்னு சொல்லுங்க!"

"டீயில சர்க்கரை இல்லைன்னு அதைத் தொடாம மூஞ்சியைத் தூக்கி வெச்சுக்கிட்டு உக்காந்திருக்காரு. ஆறு மணிக்குத் தண்ணி குடிச்சதோட சரி. இப்பதான் தட்டு வெச்சேன். என்ன விஷயம்?"

"குடுக்காதீங்க, வெறும் வயிறா இருக்கணும். எண்டோஸ்கோபி நாளைக்கு இல்லை, இன்னைக்கு." மூச்சு வாங்கியது. "காலண்டரை நான்தான் மாத்தி வெச்சேன்."

திட்டு விழும் என்று நின்றேன். "அப்பா, தட்டைத் தொடாதீங்க!" என்ற கத்தலும் நாற்காலி இழுபடும் சத்தமும் கேட்டன. லைன் போய்விட்டது.

ஒன்பதரை. பத்து. உட்கார முடியவில்லை. பத்தேகாலுக்கு அமைப்புகளைத் திறந்து, மெஷினுக்கு வேண்டிய காற்புள்ளியை அப்படியே விட்டு, வாரத்தின் முதல் நாளை மட்டும் ஞாயிறு ஆக்கினேன்.

பத்தரைக்குச் செய்தி வந்தது. 'உள்ளே கூட்டிட்டுப் போயிட்டாங்க. உனக்கு வாய் இருக்குன்னு இன்னைக்குத்தான் தெரியுது. இனிமே எதை மாத்தினாலும் முதல்லயே கத்து.'

ஒரு தாளில் பெரிதாக எழுதினேன்: 'எண்களில் புள்ளிக்குப் பதில் காற்புள்ளி வரும். மாற்றியது நான்.' கதவில் ஒட்டினேன். டேப் ஒரு பக்கம் பிரிந்தது. அழுத்திப் பிடித்தபடி போனைப் பார்த்தேன். அக்காவின் அப்பா வெளியே வந்துவிட்டதாக இன்னும் செய்தி இல்லை.