நாலாவது கம்ப்யூட்டர்

ஜெபஷீலாவின் கைப்பையை மேசைமேல் கவிழ்த்துக் கொட்டியவள் செல்வமணி. 2000-ஆம் ஆண்டு ஜூலையில், தேனி பஜாரில் ஒரு கம்ப்யூட்டர் பயிற்சி மையத்தில், நாற்பத்திரண்டு மாணவர்கள் பார்க்க அது நடந்தது. சீப்பு, சாவிக்கொத்து, சிறிய பைபிள், சாப்பாட்டு டப்பா எல்லாம் உருண்டு விழுந்தன. காணாமல் போனதாகச் சொல்லப்பட்ட ஹார்டு டிஸ்க் மட்டும் இல்லை.

"பையில இல்லன்னா வீட்டுல இருக்கும்" என்றார் சுந்தர்ராஜ். மையத்தின் உரிமையாளர், செல்வமணியின் கணவர். ஜெபஷீலா அங்கே நான்கு வருடமாக ஆசிரியை.

அந்த டிஸ்க்கில் மாணவர்களின் தேர்வு மதிப்பெண்கள் இருந்தன. கடைசித் தேதிக்குள் அவற்றைத் தேர்வு வாரியத்துக்கு அனுப்பாமல் விட்டவர் சுந்தர்ராஜ். பெற்றோர் வந்து கத்தினார்கள். மறுநாள் காலையில் டிஸ்க்கே திருட்டுப் போய்விட்டது என்றார். மையத்தின் சாவி இரண்டு பேரிடம்தான் இருந்தது, ஒன்று ஜெபஷீலாவிடம். போலீஸில் தன் கையாலேயே புகார் எழுதிக் கொடுத்தார்.

மூன்று முறை ஜெபஷீலாவை ஸ்டேஷனுக்குக் கூப்பிட்டார்கள். சாட்சி இல்லாததால் எதுவும் நடக்கவில்லை, புகாரும் மூடப்படவில்லை. அவளுக்குப் போடியில் பேசி முடித்திருந்த மாப்பிள்ளை வீட்டார் ஒரு கடிதம் போட்டு விலகிக்கொண்டார்கள். சுந்தர்ராஜ் குடும்பமும் அவள் குடும்பமும் ஒரே சர்ச். ஞாயிற்றுக்கிழமைகளில் செல்வமணி முன்வரிசையில் பாடுவாள். ஜெபஷீலாவின் அப்பா ஞானதுரை கடைசி பெஞ்சில், கதவை ஒட்டி உட்கார்ந்து, ஆராதனை முடியுமுன் எழுந்து போய்விடுவார்.

வக்கீல் மூலம் அந்த இங்கிலீஷ் புகாரின் நகலை ஜெபஷீலா வாங்கினாள். ஐந்தாவது வரியில் டிஸ்க்கின் வரிசை எண்ணைச் சுந்தர்ராஜ் எழுதியிருந்தார். நகலை மடித்து பைபிளுக்குள் வைத்தாள். எந்த வசனம் இருந்த பக்கம் என்று அவள் பார்க்கவில்லை.

நான்கு வருடம் போனது. உத்தமபாளையத்தில் ஒரு பிரவுசிங் சென்டரில் வேலை பார்த்துக்கொண்டிருந்தாள். 2004 மே மாதம் ஓடைப்பட்டியிலிருந்து ஒரு பெண் வந்தாள். மொக்கம்மாள், இரண்டு ஏக்கர் திராட்சைப் பந்தல் வைத்திருப்பவள், அங்குள்ள விவசாயிகள் சங்கத்தின் செயலாளர்.

"எங்க சங்கத்துக்கு ஒரு தொண்டு நிறுவனம் ஆறு கம்ப்யூட்டர் குடுத்திருக்காக டீச்சர். எந்தத் தோட்டத்துல என்னைக்கு மருந்தடிச்சது, என்னைக்கு அறுப்புன்னு ஏத்தணும். எல்லாம் இங்கிலீசுல இருக்கு. எங்க பிள்ளைக எட்டாவது, பத்தாவதுதான். தமிழ் வராதான்னு கேட்டா, போட்டுக் குடுத்தவர் வரவே வராதுங்கிறாரு. 'ஸ்டேபிள் சிஸ்டம், கைவச்சா மொத்தமும் விழுந்துரும்'னு மெரட்டுறாரு."

"யாரு போட்டுக் குடுத்தது?"

"தேனி சுந்தர்ராஜ்."

ஜெபஷீலா பேனாவைக் கீழே வைத்தாள். சுந்தர்ராஜைப் பற்றி அவளுக்கு ஒன்று தெரியும். அவர் எதையும் வீணாக்க மாட்டார். பழைய மிஷின்களைப் பிரித்து, புதுப் பெட்டியில் அடைத்து, புதுசென்று விற்பார். அந்த டிஸ்க்கும் எங்காவது ஒரு பெட்டிக்குள் சுற்றிக்கொண்டுதான் இருக்க வேண்டும்.

"நான் வந்து தமிழ் போட்டுத் தாரேன். காசு வேண்டாம்" என்றாள்.

ஆறு கம்ப்யூட்டரிலும் டெபியன் இருந்தது. இலவசமாகக் கிடைக்கும் இயங்குதளம். உரிமம் வாங்க வேண்டியதில்லை என்பதால் அந்த நிறுவனம் அதையே கேட்டிருந்தது. சுந்தர்ராஜ் போட்டிருந்தது நிலையான பதிப்பு. லேசில் விழாது, ஆனால் அதிலிருந்த டெஸ்க்டாப், அதாவது திரையில் தெரியும் முகப்பு, இரண்டு மூன்று வருடம் பழையது. தமிழ் அதில் கட்டம் கட்டமாகத் தெரிந்தது. எழுத்துருவைப் போட்டால் கொம்பு எழுத்துக்குப் பின்னால் போய் நின்றது. அந்த வருடம் வெளிவந்த புது கேடிஇ டெஸ்க்டாப் தமிழைச் சரியாகக் காட்டியது. மெனுக்கள்கூடத் தமிழில் இருந்தன. பழைய நிலையான பதிப்பின்மேல் உட்காரும்படி அதைத் தன்னார்வலர்கள் தனியாகத் தயாரித்தும் வைத்திருந்தார்கள். அடித்தளத்தைத் தொடாமல் மேலே உள்ளதை மட்டும் மாற்றலாம். மதுரையில் வேகமான இணைப்பு வைத்திருந்த ஒரு தோழி எல்லாவற்றையும் இறக்கி இரண்டு சிடியில் எழுதி அனுப்பினாள்.

வெள்ளிக்கிழமை காலை ஓடைப்பட்டிச் சங்க அலுவலகத்துக்குப் போனாள். ஒவ்வொரு கம்ப்யூட்டரிலும் சிடியைப் போடுமுன் ஒரு கட்டளையை அடித்தாள். உள்ளே இருக்கும் டிஸ்க்கின் வரிசை எண்ணைக் காட்டும் கட்டளை அது. முதல் மூன்றிலும் வேறு எண்கள். நாலாவதில் திரையில் வந்த எண்ணை அவள் நகலை எடுத்துப் பார்க்காமலே அறிந்துகொண்டாள்.

J3709416.

உடனே ஸ்க்ரூடிரைவரைத் தேடினாள். பெட்டியைத் திறந்து டிஸ்க்கைப் பிடுங்கி, பஸ் ஏறி, ஸ்டேஷன் மேசையில் போட்டு உடைக்க வேண்டும்போல் இருந்தது. பாதித் திருகைக் கழற்றியபின்தான் கை நின்றது. டிஸ்க் அவள் கையில் இருந்தால் திருடியவள் அவளேதான் என்று ஆகிவிடும். அது பெட்டிக்குள்ளேயே இருக்க வேண்டும். எண்ணைச் சுந்தர்ராஜின் வாய் சொல்ல வேண்டும். ஊர் கேட்க வேண்டும்.

திருகை முடுக்கிவிட்டு மொக்கம்மாளிடம் எல்லாவற்றையும் சொன்னாள். மொக்கம்மாள் குறுக்கே பேசாமல் கேட்டாள்.

"ஞாயித்துக்கிழம மகாசபை. எரநூறு பேர் வருவாக. அவர அங்கன வரவைக்கிறது எம் பொறுப்பு. நீங்க தமிழ மட்டும் கொண்டாந்துருங்க."

ஐந்து கம்ப்யூட்டர்களில் புது டெஸ்க்டாப் சண்டை போடாமல் ஏறியது. நாலாவது மட்டும் கறுத்த திரையோடு நின்றது. பழைய டெஸ்க்டாப்பின் சில கோப்புகள் வெளியேறாமல் புதியதை வழிமறித்தன. சனிக்கிழமை முழுவதும் அதன் முன் உட்கார்ந்து, ஒவ்வொன்றாகத் தேடிப்பிடித்து நீக்கி, மறுபடி ஏற்றினாள். மொத்தத்தையும் அழித்துவிட்டு முதலிலிருந்து தொடங்கியிருந்தால் ஒரு மணி நேர வேலை. அப்படிச் செய்தால் 'விழுந்துரும்' என்று சுந்தர்ராஜ் சொன்னது உண்மையாகிவிடும். அந்த அளவுக்குக்கூட அவரை ஜெயிக்கவிட அவளுக்கு மனமில்லை. நான்கு மணிக்குத் திரை நீலமாக விரிந்தது. மூலையில் 'கோப்பு' என்று தெரிந்தது. கொம்பு தன் இடத்தில் இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை மகாசபை கூடியிருந்தபோது சுந்தர்ராஜ் கோபத்தோடு வந்தார். யாரோ மிஷின்களைக் கெடுத்துவிட்டதாக மொக்கம்மாள் போன் பண்ணியிருந்தாள்.

"யாரு என் மிஷின்ல கைவச்சது?" என்று கேட்டபடி நுழைந்தவர், ஜெபஷீலாவைப் பார்த்ததும் கூட்டத்தின் பக்கம் திரும்பினார். "இந்தப் பொண்ணையா உள்ள விட்டீக? இவ மேல கேஸ் இருக்கு தெரியுமா? நாளைக்கே எல்லாம் விழுந்துரும், பாருங்க."

"ஓடுது சார்" என்றாள் ஜெபஷீலா. அலுவலகத்தில் வேலை செய்யும் மலையம்மாள் நாலாவது கம்ப்யூட்டரின் முன் உட்கார்ந்து, தன் அப்பாவின் பெயரையும் தோட்டத்தையும் தமிழில் அடித்தாள். பின்னால் நின்றவர்கள் உரக்கப் படித்தார்கள். கைதட்டல் எழுந்தது. சுந்தர்ராஜும் வேறு வழியின்றிக் குனிந்து பார்த்தார்.

ஜெபஷீலா அந்தக் கட்டளையை அடித்துவிட்டு அவர் கையில் மைக்கைக் கொடுத்தாள்.

"ஒரே ஒரு சந்தேகம் சார். உள்ள இருக்கிற டிஸ்க்கோட நம்பர் இதுல வருது. கொஞ்சம் படிங்க, எல்லாருக்கும் கேக்கட்டும்."

விற்ற பொருளின் நம்பர்தானே என்று அவர் படித்தார். "ஜே, மூணு, ஏழு, பூஜ்யம், ஒம்பது, நாலு, ஒண்ணு, ஆறு."

அவள் நகலை விரித்து நீட்டினாள். "இப்ப இதுல அஞ்சாவது வரி."

தன் கையெழுத்தைப் பார்த்ததும் அவர் அதைத் திருப்பி நீட்டினார். மொக்கம்மாள் காகிதத்தை வாங்கினாள். இங்கிலீஷ் தெரியாவிட்டாலும் எண்கள் தெரியும். ஒவ்வொன்றாகப் படித்தாள். ஒரு விவசாயி எழுந்து பெட்டியைத் திறக்கச் சொன்னார், திறந்தார்கள், டிஸ்க்கின்மேல் ஒட்டியிருந்த சீட்டிலும் அதே எண்.

"நாலு வருசத்துக்கு முன்னாடி இது திருட்டுப் போச்சுன்னு எழுதிக் குடுத்தீக" என்றாள் ஜெபஷீலா. "திருட்டுப் போனது நெசம்னா, திருட்டுப் பொருள இவுகளுக்கு வித்திருக்கீக. திருட்டே போகலன்னா, எம்மேல பொய்ப் புகார் குடுத்திருக்கீக. ரெண்டுல எதுன்னு நீங்களே சொல்லுங்க."

சுந்தர்ராஜ் மைக்கைக் கீழே இறக்கி, அவளுக்கு மட்டும் கேட்கும்படி, "ஷீலா, உள்ள போய்ப் பேசுவமா" என்றார்.

"மைக்குல சொல்லுங்க சார்."

"அன்னைக்கு மார்க்க அனுப்ப மறந்துட்டேன். பெத்தவுக வந்து நின்னாக. என்ன செய்யன்னு தெரியல."

"நான் எடுத்தேனா?"

"இல்ல."

"முழுசாச் சொல்லுங்க."

"ஜெபஷீலா எடுக்கல. டிஸ்க் எங்கிட்டதான் இருந்துச்சு."

அதைச் சொல்லும்போது அவர் உதடு கோணியது. ஜெபஷீலா அந்தக் கோணலை ஆசை தீரப் பார்த்தாள்.

மறுநாள் சங்கத்தின் ஆறு பேர் கூடவே போக, சுந்தர்ராஜ் ஸ்டேஷனில் புகார் பொய்யென்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். பொய்ப் புகாருக்காக அவர்மேல் ஜெபஷீலா ஒரு வழக்குப் போட்டாள். தொண்டு நிறுவனம் அவரோடு பேச்சை நிறுத்தியது. ஜூனில் பயிற்சி மையத்துக்கு வழக்கமாக வரும் கூட்டம் வரவில்லை.

ஆகஸ்டில் ஒரு ஞாயிறு, ஆராதனை முடிந்து செல்வமணி சர்ச் வாசலில் அவளை நிறுத்தினாள். முகம் வாடியிருந்தது.

"கேஸ வாபஸ் வாங்கிரு ஷீலா. மகளுக்கு வரன் பாக்குறோம். வந்தவுக எல்லாம் இதயே கேக்குறாக. கர்த்தர் மன்னிக்கச் சொல்லலையா?"

"சொல்லியிருக்காரு அக்கா."

"பெறகு?"

"நான் இன்னும் அவர் சொன்னதக் கேக்கல."

செல்வமணி அழுதபடி போனாள். ஞானதுரை மகளைப் பார்த்து, "போதும்மா" என்றார். ஜெபஷீலா செருப்பை மாட்டினாள். அந்த வாரம் முழுவதும் தனக்கு இரக்கம் வருகிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தாள். சாப்பிடும்போதும் துணி துவைக்கும்போதும் பார்த்தாள். வரவில்லை. சனிக்கிழமை அதற்குமேல் பார்ப்பதை விட்டுவிட்டு, கம்பத்தில் இன்னொரு சங்கம் எட்டுக் கம்ப்யூட்டருக்குத் தமிழ் கேட்டிருந்ததால், சிடிகளை எடுத்துக்கொண்டு பஸ் ஏறினாள்.