பிஜ்லிக்கும் துர்ஜனுக்கும் காதல்

பிஜ்லிக்கும் துர்ஜனுக்கும் காதல் என்று முதன்முதலில் சொன்னவள் அக்தர் பானுதான். படம் வரைந்தவனுக்கே தெரியாத சேதி அது.

எண்பத்தேழில் ஞாயிற்றுக்கிழமை காலையானால் டிவியில் 'ஆகாஷ் கில்லா' என்று ஒரு கார்ட்டூன், இந்தியில் வரும். மேகத்துக்கு மேலே ஒரு கோட்டை. அதன் காவல்படைத் தலைவி பிஜ்லி. கோட்டைக்குள் இருக்கிற மந்திரக் கல்லைத் திருட வாரம் தவறாமல் வருகிறவன் துர்ஜன். இரண்டு பேரும் வாளெடுத்து வெட்டிக்கொள்வார்கள். கடைசியில் துர்ஜன் தோற்று, கோட்டைச் சுவரிலிருந்து குதிப்பதற்கு முன்னால் ஒரு தடவை திரும்பிப் பார்ப்பான். செலவு மிச்சம் பிடிப்பதற்காக அந்த ஒரு காட்சியை வரைந்து வைத்துக்கொண்டு எல்லா வாரமும் அதையே ஓட்டினார்கள். பம்பாய் தாராவியில் நாகூர் கனியின் பை தைக்கும் பட்டறையில், கார்கானாவில், வேலை பார்த்த பெண்களுக்கு அது எங்கே தெரியும். "இந்த வாரமும் பாத்தான்ட்டி" என்று ஒருத்தி தொடையை ஒருத்தி கிள்ளிக்கொள்வார்கள்.

டிவி நாகூர் கனி வீட்டில் இருந்தது. பெண்கள் நிலைப்படியை ஒட்டித் தரையில் உட்கார்ந்து பார்க்கலாம். செருப்பை வெளியே விட வேண்டும், சத்தம் போடக் கூடாது. அந்த இரண்டையும் சொல்வதற்கென்றே முதலாளியின் அக்கா மதீனா பீவி நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பாள். கார்கானாவிலும் அவள்தான் பெண்களுக்கு மேலாள். கீழே ஆண்கள் ரெக்சின் வெட்டி மிஷினில் தைப்பார்கள். மேல்தட்டில் பெண்கள் பக்கிள் மாட்டி, பிசிறு நறுக்கி, பசை தடவி ஒட்டுவார்கள். மேலே போக ஓர் இரும்பு ஏணி. வேறு வழி கிடையாது.

திங்கட்கிழமை மேல்தட்டில் பானு கதையை எடுப்பாள். டிவியில் வந்த கதையை இல்லை, வராத கதையை.

"அவன் குதிச்ச பொறவு என்ன நடந்துச்சுன்னு காட்டலல்லா. காட்ட மாட்டான், சின்னப் பிள்ளையள் பாக்குது. நான் சொல்லுதேன் கேளுங்க. ராத்திரி பிஜ்லி தனியா சுவருக்கு வாரா. கையில வெட்டுக்காயம். கீழ பாத்தா, மேகத்துக்குள்ள ஒருத்தன் நிக்கான்."

"துர்ஜன்" என்பாள் நூர் நிஷா. பக்கிள் கையிலேயே நின்றுவிடும்.

"அவனேதான். தலைப்பாவை அவுத்து மேல வீசுதான். காயத்துக்குக் கட்டிக்கோன்னு."

நாகலக்ஷ்மிக்கு இது செரிக்காது. "அவன் வெட்டுன காயம்தானட்டி அது? வெட்டிட்டுக் கட்டுத்துணியும் குடுப்பானாக்கும்."

"நீ சண்டையைப் பாக்குத லச்சுமி. நான் கண்ணைப் பாக்கேன். புடிக்காதவன்னா ஒரே வெட்டு, சோலி முடிஞ்சுது. இவ வாளு அவன் கழுத்து வரைக்கும் போகுது, நிக்குது. ஏன் நிக்குது?"

மதீனா பீவி வெற்றிலையை ஒதுக்கிக்கொண்டு, "சொல்லுட்டி, ஏன் நிக்குதாம்?" என்பாள். வேலையும் ஓடும் அன்றைக்கு. பானுவின் கதையில் பெண்கள் பேச்சை விட்டுவிட்டுக் கையை ஓட்டுவார்கள் என்பதை மதீனா பீவி சீக்கிரமே கண்டுகொண்டாள்.

நூர் நிஷாதான் மோசம். அவளுக்கு வீட்டில் பேசி வைத்திருந்த மாப்பிள்ளைக்கு நாற்பது தாண்டிவிட்டது. தலையில் மருதாணிச் சிவப்பு, வாயில் எந்நேரமும் பான். அவளுக்குக் கதை சோறு மாதிரி. ஒரு திங்கட்கிழமை பானுவுக்குக் காய்ச்சல் என்றதும் சயான் பக்கமிருந்து மழையில் நனைந்துகொண்டு பானு வீட்டுக்கே வந்து, கட்டிலோரம் குந்தி, "கொஞ்சம் மட்டும் சொல்லேன்" என்று கேட்டவள் அவள்.

ஜஹாங்கீர் கார்கானாவுக்கு வந்தது அந்த மழைக்காலத்தில்தான். மதீனா பீவியின் மகன். குர்லாவில் ஒரு கேரேஜில் இருந்தான், அங்கே ஏதோ வம்பு, லஃப்டா செய்துவிட்டு மாமன் நிழலுக்கு வந்து சேர்ந்தான். ரெக்சின் வெட்டும் மேஜையை அவனுக்குக் கொடுத்தார்கள். மேஜை ஏணிக்குப் பக்கத்தில் இருந்தது.

முதலில் ஏணிப் படியில் கையை வைத்தான். பெண்கள் மிதித்தும் மிதிக்காமலும் ஏறிப்போனார்கள். பிறகு கணுக்காலைத் தொட்டான். நாகலக்ஷ்மி யாருக்கும் தெரியாமல் பானுவிடம் மட்டும் சொன்னாள்: "எங்காலைப் புடிச்சிட்டான்ட்டி. நான் ஒண்ணும் சொல்லல. நாங்க குடியிருக்க கோலி, அந்த ஒத்த ரூமு, அவங்க மாமனோடது." பானுவின் காலைப் பிடித்த அன்று அவள் சும்மா போகவில்லை. ஏணியில் நின்றபடியே எட்டி உதைத்தாள். தோளில் பட்டது.

"கையி முறிஞ்சிரும். உங்க உம்மா மேலதான் இருக்கா, கூப்பிடவா?"

கீழே மிஷின்கள் நின்றன. ஜஹாங்கீர் தோளைத் தடவிக்கொண்டு சிரித்தான். "இன்னொரு தடவ உதை" என்றான்.

ஆண்கள் சிரித்தார்கள். அதை அவள் எதிர்பார்த்தாள். மேலே ஏறி வந்தபோது பெண்களும் சிரித்துக்கொண்டிருந்தார்கள். அதை அவள் எதிர்பார்க்கவில்லை.

"வாங்க பிஜ்லி" என்றாள் நூர் நிஷா.

பானுவும் அன்று சிரித்துத் தொலைத்தாள். வேடிக்கைதானே என்று. மறுநாள் அவன் மேல் பசை டப்பாவை எறிந்தாள். அதற்கும் மேலே ஒரு கதை உண்டாயிற்று. அவள் அவனைத் திட்டினால் காதலுக்கு அடையாளம், திட்டாமல் போனால் ஊடல், அவன் பக்கம் பார்க்காமல் முக்காட்டை இழுத்துவிட்டால் வெட்கம். அவள் கற்றுக்கொடுத்த பாடம்தான். வாத்தியாரையே உட்காரவைத்துப் படித்தார்கள்.

"இது அது இல்லட்டி" என்றாள் பானு ஒருநாள். "அவன் நாறப்பய. எனக்கு அருவருப்பா இருக்கு."

"பிஜ்லியும் அப்படித்தான சொல்லுவா" என்றாள் நூர் நிஷா. அன்பாகத்தான் சொன்னாள்.

திங்கட்கிழமைகளில் பானு கதை சொல்வதை நிறுத்தினாள். அவர்களுக்கு அது இப்போது தேவைப்படவும் இல்லை. விஷயம் கீழேயும் இறங்கிவிட்டது. சாயங்காலம் வேலை முடிந்து போகும்போது ஜஹாங்கீர் வாசலில் நின்று திரும்பிப் பார்க்கத் தொடங்கினான், டிவியில் இருப்பவனைப் போலவே தோளைச் சாய்த்து. மேல்தட்டுப் பலகை இடுக்கு வழியாகப் பார்த்துக்கொண்டிருந்த பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டார்கள்.

ஒரு வெள்ளிக்கிழமை. ஜும்மாவுக்காக மிஷின்காரர்கள் எல்லோரும் பள்ளிவாசலுக்குப் போனார்கள். பெண்கள் சாப்பிட அவரவர் கோலிக்குப் போனார்கள். பானு ஒரு பையின் வாரைத் தப்பாக ஒட்டியிருந்ததால் பிரித்து ஒட்டச் சொல்லி மதீனா பீவி உட்கார வைத்துவிட்டுப் போயிருந்தாள். அதை முடித்து ஏணியில் இறங்கிவந்த பானுவை, கீழ்ப்படியில் வைத்து ஜஹாங்கீர் இடுப்போடு பிடித்து இழுத்தான். தொழுகைக்குப் போகாமல் நின்றிருக்கிறான். ரெக்சின் சுருள்கள் அடுக்கிய மூலைக்குத் தள்ளி வாயைப் பொத்தினான். அவள் அந்தக் கையைக் கடித்தாள். மேஜையில் துழாவி வெட்டுக் கத்தியை எடுத்தாள். எடுத்த வேகத்தில் அவள் மணிக்கட்டே கிழிந்தது. கத்தியை அவன் கழுத்துக்கு நேரே பிடித்துக்கொண்டு நின்றாள்.

அப்போது வாசலில் வெளிச்சம் மறைந்தது. நூர் நிஷா. மறந்து வைத்த குடையை எடுக்க வந்தவள்.

பானுவின் கண்ணும் அவள் கண்ணும் சந்தித்தன. அவ்வளவு தெளிவாகச் சந்தித்தன. பானு வாயைத் திறப்பதற்குள் நூர் நிஷா முகம் மலர்ந்து, தலையைக் குனிந்துகொண்டு, தகரக் கதவை ஓசையில்லாமல் இழுத்துச் சாத்திவிட்டுப் போனாள். வெளிக் கொண்டியையும் மாட்டிவிட்டுப் போனாள், வேறு யாரும் வந்துவிடக் கூடாதே என்று.

ஜும்மா முடிந்து ஆட்கள் வந்து கொண்டியை எடுக்கிறவரை கதவு திறக்கவில்லை. கத்தி பிடித்த கை எத்தனை நேரம் தாங்கும்?

ஞாயிற்றுக்கிழமை நாகூர் கனி வீட்டில் வைத்துப் பேசினார்கள். டிவியை வெல்வெட் துணி போட்டு மூடியிருந்தார்கள். பானுவின் வாப்பா ஜெயினுலாப்தீன் தேவ்நாரில் இறைச்சி வண்டியில் சுமை ஏற்றி இறக்குகிறவர். முதலாளி உட்காரச் சொன்னபிறகும் நின்றுகொண்டே இருந்தார். உம்மா பேகம் முந்தானையை வாயில் வைத்திருந்தாள். ஜஹாங்கீர் கையிலிருந்த பல்தடத்தை மறைக்கவில்லை. பதக்கம் மாதிரி அது தெரியும்படி சட்டைக் கையைச் சுருட்டி விட்டிருந்தான்.

நடந்ததைப் பானு முழுக்கச் சொன்னாள். பெண்பிள்ளை இப்படி வாய்விட்டுச் சொல்வாளா என்று நாகூர் கனி முகத்தைத் திருப்பிக்கொள்ளும் அளவுக்குச் சொன்னாள்.

"கத்தி யார் கையில இருந்துச்சு?" என்றார் அவர்.

"எங்கையில."

"பொறவு ஏன் குத்தல?"

மதீனா பீவி முந்திக்கொண்டாள். "புடிக்காதவன்னா ஒரே வெட்டுன்னு நீதானட்டி சொன்ன. கழுத்து வரைக்கும் போயி நின்னா உள்ள ஏதோ இருக்குன்னு நீதான சொன்ன. நாங்க அத்தன பேரும் கேட்டுக்கிட்டு இருந்தோம். எம்பிள்ள கழுத்துல ஒரு கீறல் இருக்கா, பாரு."

"அது கார்ட்டூன், மாமி."

"கார்ட்டூன்தான். வாயி உன் வாயில்லா."

குத்தியிருந்தால் கொலைகாரி. குத்தாததால் காதலி. நடுவில் நிற்க ஓர் ஆளுக்கு இடம் வைக்கவில்லை அந்த வீட்டில்.

நூர் நிஷாவைக் கேட்டார்கள். அவள் அழுதாள். பானுவைக் காப்பாற்றுவதாகவே நினைத்து அழுதுகொண்டு சொன்னாள்: "அவ மேல குத்தம் சொல்லாதீங்க மொதலாளி. ரெண்டு பேருக்கும் ரொம்ப நாளா விருப்பம். வெளிய எரிஞ்சு விழுவா, அது அவ கொணம். கதவை நாந்தான் சாத்துனேன். வேற யாரும் பாத்திருந்தா அவ பேரு கெட்டிருக்கும்லா."

"லச்சுமியைக் கேளுங்க" என்றாள் பானு. "அவ காலையும் புடிச்சிருக்கான். எங்கிட்ட சொன்னா."

வாசலில் செருப்புகளுக்கு நடுவே நின்றிருந்த நாகலக்ஷ்மியை எல்லோரும் பார்த்தார்கள். நாகூர் கனியும் பார்த்தார். அந்தப் பார்வையில் அவள் அம்மாவின் அடுப்பும் பாத்திரமும் கோலிக்கு வெளியே தெருவில் கிடப்பது அவளுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

"எனக்கு ஒண்ணும் தெரியாது மொதலாளி. நான் அவகிட்ட எதுவும் சொல்லல."

நாகூர் கனி தொண்டையைச் செருமினார். "காக்கா" என்றார் ஜெயினுலாப்தீனிடம், திடீரென்று அண்ணன் முறை வைத்து மரியாதையாக. "பிள்ளையள் விருப்பப்பட்டுட்டு. சண்டை போட்டு விருப்பப்பட்டுட்டு. நம்ம காலத்துல இப்படியெல்லாம் இல்ல. போகட்டும். ஊரு வாயில விழுறதுக்கு முன்ன முடிச்சு வச்சிருவோம். செலவு எல்லாம் எம்பொறுப்பு."

ஜெயினுலாப்தீன் மகளைப் பார்த்தார். அவள் பொய் சொல்கிறவள் இல்லை என்று அவருக்குத் தெரியும். தெரிந்து என்ன செய்ய. மூடிய கதவுக்குள் ஓர் ஆணோடு இருந்தவள் என்று ஆகிவிட்டது, அதைத் திறந்துவிடுகிற வழி அவருக்குத் தெரியவில்லை. தலையை ஆட்டினார்.

"வாப்பா, நான் வேண்டாம்னு சொல்லுதேன். காதுல விழுதா?"

"விழுது" என்றார்.

ஆடி மழை ஓய்வதற்குள் நிக்காஹ் வைத்தார்கள். நாகூர் கனி வீட்டிலேயே. நடு அறையில் படுதா கட்டி, இந்தப் பக்கம் பெண்கள். மேல்தட்டுப் பெண்கள் எல்லோரும் வந்திருந்தார்கள். வேலைக்கு லீவு விட்டிருந்தார்கள், கூலியும் பிடிக்கவில்லை. எத்தனை மகிழ்ச்சி அவர்களுக்கு. அவர்கள் கண்ணுக்கு முன்னால், அவர்கள் கண்டுபிடித்த ஒன்று, நிஜமாகவே கூடிவந்திருக்கிறது. நூர் நிஷா தன் கையால் பானுவுக்கு மருதாணி வைத்திருந்தாள். மணிக்கட்டில் ஆறிக்கொண்டிருந்த கீறலுக்கு மேல் ஒரு பூ வரைந்து மறைத்திருந்தாள்.

பள்ளிவாசல் பெரியவர் இரண்டு சாட்சிகளோடு படுதாவுக்கு அருகே வந்து நின்றார். மாப்பிள்ளை பேரையும் அவன் பெண்ணுக்குத் தரும் மஹர் பணத்தையும் சொல்லி, "சம்மதமாம்மா?" என்று கேட்டார். நல்ல மனிதர். பெண் சம்மதம் சொல்லாமல் நிக்காஹ் கிடையாது என்று ஊருக்கே சொல்லிக்கொண்டு திரிகிறவர்.

"இல்ல" என்றாள் அக்தர் பானு.

முணுமுணுக்கவில்லை. எல்லோருக்கும் கேட்கிற மாதிரி, மேல்தட்டில் கதை சொல்கிற குரலில் சொன்னாள். "எனக்குச் சம்மதம் இல்ல."

பெண்கள் பக்கம் கொல்லென்று சிரிப்பு. நாகலக்ஷ்மியைத் தவிர எல்லோரும் சிரித்தார்கள்.

"என்ன சொல்லுது பிள்ள?" பெரியவர் குழம்பிப்போனார்.

"அவ அப்படித்தான் மாமா, நாளைக்கும் இதையேதான் சொல்லுவா" என்றாள் நூர் நிஷா, பானுவின் தோளைச் சேர்த்து அணைத்துக்கொண்டு. அவள் கண்ணில் நீர் நின்றது. "சம்மதம்னு எழுதிக்கிடுங்க."

"அப்படி எழுத முடியாதும்மா. பொண்ணு சொல்லணும், இல்லன்னா அவ மனசைத் தாய்க்காரியாவது சொல்லட்டும்."

பானு பேகத்தின் பக்கம் திரும்பினாள். உம்மாவின் சேலைத் தலைப்பைப் பிடித்தாள். பேகம் அந்தக் கையிலிருந்து தலைப்பை மெல்ல உருவிக்கொண்டாள். மதீனா பீவி எதிரே நின்றிருந்தாள்.

"சம்மதம்" என்றாள் பேகம்.

பெரியவர் சாட்சிகள் இருவரையும் பார்த்தார். அப்புறம் படுதாவை விட்டு நகர்ந்து ஆண்கள் பக்கம் போனார். அங்கே ஓதுகிற சத்தம் கேட்டது. முடிந்ததும் பேரீச்சம்பழத் தட்டு படுதாவுக்கு இந்தப் பக்கம் வந்தது. கை மாறிக் கை மாறி நாகலக்ஷ்மியிடம் வந்து நின்றது. பானு அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எடுத்துக்க லச்சுமி" என்றாள் மதீனா பீவி.

நாகலக்ஷ்மி ஒன்றை எடுத்து வாயில் போட்டுக்கொண்டாள். கொட்டையைத் துப்ப இடம் தெரியாமல் கன்னத்திலேயே அடக்கிக்கொண்டு, தட்டை அடுத்தவளிடம் நீட்டினாள்.