நிலத்துக்குள் போன தம்பி

நீர்க்கணக்குக்காரியின் தம்பி, ஆற்றின் மேல்புறத்து மணல்மேட்டில் மழைமானியைப் பார்க்கப் போனவன், பெய்த மழையோடு சேர்ந்து நிலத்துக்குள் இறங்கிவிட்டான். செருப்பு மட்டும் மேலே நின்றது. முழங்கால், இடுப்பு, தலை என்று வரிசையாக மண் உறிஞ்சியதாகவும், ஆள் கத்தவில்லை, "குளிருது" என்று மட்டும் சொன்னதாகவும் கூடப் போன ஜீப் டிரைவர் சொன்னார். அன்று அவளுக்குக் காய்ச்சல். தனக்குப் பதிலாக அவனை அனுப்பியதே அவள்தான்.

அந்தப் படுகையில் பெய்யும் மழையில் எத்தனை பங்கு மண்ணுக்குள் போகிறது, போனது எப்போது ஏரிக்கு வந்து சேரும் என்று மதிப்பிடுவது அவள் உத்தியோகம். ஆகவே வீட்டில் யாரும் அழவில்லை, கணக்குக்குக் காத்திருந்தார்கள். மணலில் ஓட்டம், களிமண்ணில் ஆமை நடை. எப்படிப் போட்டாலும் ஒன்பது வருடம் என்று வந்தது.

"கொஞ்சம் குறைச்சுப் பாருங்களேன், அண்ணி," என்றாள் தம்பி மனைவி.

"மண்ணுகிட்ட பேரம் பேச முடியாதும்மா."

மறுமணம் பேச வந்தவர்களை, "வீட்டுக்காரர் வந்துக்கிட்டிருக்காரு" என்று தம்பி மனைவி திருப்பி அனுப்பினாள். அது பொய்யுமில்லை. ஆண்டுதோறும், நிலத்தடி நீரை அளக்கத் தோண்டிய கண்காணிப்புக் கிணறுகளில் ஏதாவது ஒன்றில் தண்ணீர் உடம்புச் சூட்டில் இருக்கும். அடுத்த ஆண்டு ஏரிப்பக்கம் தள்ளியுள்ள கிணற்றில் இருக்கும்.

ஏழாம் வருடம் வானம் பொய்த்தது. ஊருக்காக ஆழ்துளைக் கிணறுகள் இறக்கினார்கள். ஏரியை நோக்கிச் சரிந்திருந்த நிலத்தடி நீர் மோட்டார்களின் பக்கம் திரும்பியது. மோட்டாரை நிறுத்தச் சொல்லி நீர்க்கணக்குக்காரி அதிகாரியிடம் போனாள்.

"ஊரே நாக்கு வறண்டு கிடக்கு. ஒரு ஆளுக்காக நிறுத்தச் சொல்றீங்களா?"

அவர் சொன்னதில் தப்பில்லை. அதுதான் அவளுக்குத் தாங்கவில்லை. தம்பி இனி ஏரிக்கு வரமாட்டான் என்று வந்து சொன்னபோது, தம்பி மனைவி கேட்டாள்: "அப்ப எந்தக் குழாய்ல வருவாரு?"

வந்தது ஒரு காலையில், மூன்று தெருக் குழாய்களில், வெதுவெதுப்பாக. விஷயம் தெரிந்தவர்கள் குடம் குடமாகக் கொண்டுவந்து வாசலில் வைத்தார்கள். நீர்க்கணக்குக்காரியும், சின்ன வயதில் அவனைச் சுமந்த இடுப்பில் ஒரு குடம் கொண்டுபோனாள். தம்பி மனைவி ஒவ்வொன்றையும் தொட்டுப் பார்த்து உள்ளே எடுத்துக்கொண்டாள். அதற்குள் உலை வைத்துவிட்ட வீடுகளிலிருந்து யாரும் வரவில்லை. அவளும் போய்க் கேட்கவில்லை. மறுநாள் குழாயில் பச்சைத்தண்ணீர் வந்தது. எல்லோரும் வரிசையில் நின்று பிடித்தார்கள்.