திறந்தே கிடந்த படலை

திறந்த படலையைக் கண்டால் அன்ரனீற்றாவின் கை சும்மா இருக்காது. ஊரில், பாஷையூரில், பொழுதுபட்டதும் படலையைச் சாத்திக் கட்டுக்கம்பியால் இரண்டு முறுக்கு முறுக்கிய பிறகுதான் அவர்கள் வீட்டில் விளக்கேற்றுவார்கள். ஆமிக்காரனுக்கு அந்தக் கம்பி ஒரு பொருட்டே இல்லைதான். ஆனாலும் கட்டினால்தான் நித்திரை வரும். நாடுவிட்டு வந்து த்ரீ கிங்ஸ் என்ற புறநகரில் குடியேறி ஆறு வருசமாகியும் பழக்கம் விடவில்லை. டெய்ரி என்கிற மூலைக்கடைக்குப் பால் வாங்கப் போனால் வழியில் திறந்து கிடக்கிற கேற்றையெல்லாம் சாத்திக்கொண்டே போவாள். பக்கத்து வீட்டுக் கிழவர் அவளைக் கண்டதும் முந்திக்கொண்டு ஓடிவந்து தானே சாத்துவார்.

அப்படிப்பட்டவளைக் குதிரையில் ஏற்றியது அவள் புருசன் றெஜினோல்ட். நெடுந்தீவில் பிறந்தவன், சின்ன வயதில் அங்கே ஆளில்லாமல் அலைகிற கட்டாக்காலிக் குதிரைகளுக்குப் பின்னால் ஓடித் திரிந்தவன். பாபகூராவில் ஒரு கடைக் கண்ணாடியில், ஹுனுவா மலையடிவாரத்தில் மூன்று நாள் குதிரைச் சஃபாரி என்ற விளம்பரத்தைக் கண்ட நாளிலிருந்து அவனுக்கு வேறு கதையில்லை. நடத்துகிறவர் கிரஹாம் என்ற வெள்ளைக்காரர். கென்யாவில், கிளிமஞ்சாரோ தெரிகிற அடிவாரங்களில், பண்ணைகளுக்கும் காட்டுக்கும் நடுவே பல வருடம் ஆட்களைக் குதிரையில் கூட்டித் திரிந்தவராம். அங்கே வைத்த சஃபாரி என்ற பெயரை இங்கேயும் விடவில்லை.

அன்ரனீற்றாவுக்குக் குதிரை என்றாலே நடுக்கம். ஆனால் இழக்க வேண்டியவர்களையெல்லாம் சண்டையில் இழந்து முடித்தவள் அவள். மிச்சமாக இருந்தது றெஜினோல்ட் ஒருவன்தான். அவனைத் தனியே விட்டுவிட்டு வீட்டிலிருந்து செபமாலை உருட்ட அவளால் முடியாது. நானும் வாறன் என்று சொல்லிவிட்டாள்.

முதல் நாள் புறப்படும்போது கிரஹாம் ஒரேயொரு சட்டம் சொன்னார். போகிற வழியெல்லாம் மற்றவர்களின் பண்ணை. படலை எப்படி இருந்ததோ அப்படியே விட வேண்டும், திறந்திருந்தால் திறந்தே இருக்கட்டும், சாத்தியிருந்தால் சாத்துங்கள். எல்லோரும் தலையாட்டினார்கள். அன்ரனீற்றாவும் ஆட்டினாள்.

அன்று பின்னேரம் தீயைச் சுற்றியிருந்து தேநீர் குடிக்கும்போது கிரஹாம் ஆபிரிக்கக் கதை சொன்னார். அங்கே சிங்கத்தைக் கண் காணுமுன் குதிரையின் காது காணும் என்றார். எல்லாக் குதிரைகளும் ஒரே பக்கம் காதைத் திருப்பினால் மூச்சுக் காட்டாமல் திரும்பிவிட வேண்டும். இந்த நாட்டில் அந்தக் கவலையே இல்லை, இங்கே பல்லுள்ள மிருகம் ஒன்றும் கிடையாது என்று சொல்லிச் சிரித்தார். பயமில்லை என்று யாராவது சொன்னால்தான் அன்ரனீற்றாவுக்குப் பயம் பிடிக்கும். ஊரிலும் அப்படிச் சொல்லிவிட்டுப் போனவர்கள் பலர் திரும்பி வரவில்லை.

இரண்டாம் நாள் விடியவே மலையுச்சி தெரியவில்லை. கீழே தூறல்தான், மேலே மழை கறுப்பாக இறங்கிக்கொண்டிருந்தது. மத்தியானம் ஓடையோரத்துத் தாழ்ந்த புல்வெளிக்குள் இறங்கினார்கள். இரண்டு பக்கமும் ஏற முடியாத செங்குத்துக் கரை. மேலே போவதற்கு இருந்தது ஒரே வழி, அதில் ஒரே படலை. அது விரியத் திறந்து கிடந்தது. மழை நேரம் மாடுகள் மேலேறித் தப்பட்டும் என்று பண்ணைக்காரி திறந்துவிட்டிருக்கிறாள் என்று கிரஹாம் முன்னால் வந்தவர்களுக்குச் சொன்னார். வரிசையின் வாலில் மழைக்கோட்டோடு மல்லுக்கட்டிக்கொண்டு வந்த அன்ரனீற்றாவுக்கு அது கேட்கவில்லை.

சாப்பிட்டு முடித்தபோது றெஜினோல்டின் குதிரைக்கு லாடம் கழன்றுவிட்டது. அதை அடித்துவிட்டு நாங்கள் இரண்டு பேரும் வருகிறோம், நீங்கள் மேலே கொட்டகைக்குப் போங்கள் என்று கிரஹாம் மற்றவர்களை அனுப்பினார். அன்ரனீற்றா போக மனமில்லாமல் நின்றாள்.

"போம். பத்து நிமிசத்திலை உமக்குப் பின்னாலை நிப்பன்," என்றான் றெஜினோல்ட்.

கடைசி ஆளாக அவள் படலையைக் கடந்தபோது ஒரு கன்றுக்குட்டி அவளுக்குப் பின்னாலேயே தலையை நீட்டியது. ஊரான் வீட்டு மாடு தெருவுக்குப் போய்விட்டால் பழி யாருக்கு? முதல்முறையாக ஒருவர் உதவியுமில்லாமல் குதிரையிலிருந்து இறங்கி, கன்றை உள்ளே துரத்தி, படலையைச் சாத்தினாள். சங்கிலியைக் கொளுவியது போதாதென்று கம்பத்தில் தொங்கிய கம்பித்துண்டை எடுத்து இரண்டு முறுக்கும் முறுக்கினாள். வரும்போது புருசன் அவிழ்ப்பான்தானே. செய்த வேலையில் திருப்தியாகவும் இருந்தது, பாவி மனுசிக்கு.

கொட்டகை வாசலில் கட்டியிருந்த குதிரைகள் புல் தின்பதை நிறுத்தின. அன்ரனீற்றா பார்த்தாள். எல்லாக் காதுகளும் மலைப்பக்கம் திரும்பியிருந்தன. கூட வந்த வெள்ளைக்காரர்கள் தேநீரோடு தின்னப் பாண் துண்டுகளை வெட்டிக்கொண்டிருந்தார்கள். சிங்கமில்லாத நாட்டில் இவை எதைக் கேட்கின்றன? பிறகு அவளுக்கும் கேட்டது, லொறிகள் வரிசையாக வருவது போன்ற இரைச்சல். கீழே பார்த்தால் ஓடையைக் காணவில்லை. புல்வெளியின் பாதி மண்ணிறத் தண்ணீராக இருந்தது. மாடுகள் படலையை நோக்கி ஓடிவந்துகொண்டிருந்தன.

அவள் ஓடினாள். விழுந்தும் எழும்பியும் படலைக்கு வந்தபோது மாடுகள் ஒன்றன்மேல் ஒன்றாக அதில் முட்டிக்கொண்டு நின்றன. அவற்றுக்குப் பின்னால் றெஜினோல்டும் கிரஹாமும் குதிரைகளில். தண்ணீர் குதிரைகளின் வயிற்றைத் தொட்டுவிட்டது. கம்பியை நகம் பிய்யப் பிய்ய அவிழ்த்துவிட்டாள். சங்கிலி மட்டும் அசையவில்லை. அத்தனை மாட்டுப் பாரமும் அதில்தான் தொங்கியது. மாதாவே, மாதாவே என்று கத்தினாள். றெஜினோல்ட் அவளைப் பார்த்தான். அவன் முகத்தில் கோபம் இல்லை. அதுதான் அவளுக்குப் பொறுக்கவில்லை.

கிரஹாம் அவளைப் பார்த்துப் பொறு என்பதுபோல் கையைக் காட்டினார். மாடுகளின் முன்பக்கமாகக் குதிரையைச் செலுத்தி, சாட்டையைச் சுழற்றி, அவற்றைத் தண்ணீர்ப் பக்கமே திருப்பி விரட்டினார். ஒரு மூச்சு நேரம் பாரம் விட்டது. சங்கிலி கழன்றது. படலை திறந்ததும் மாடுகள் மறுபடி திரும்பிப் பாய்ந்தன, அவற்றோடு றெஜினோல்டும் வந்து சேர்ந்தான். கிரஹாமின் குதிரை கொஞ்சம் பிந்தி வந்தது. சேணத்தில் ஆள் இல்லை.

அடுத்த நாள் காலை தண்ணீர் வடிந்த பிறகு, கீழே மரவேர்களுக்குள் அவரைக் கண்டெடுத்தார்கள். பொலிஸ்காரன் ஒருவன் படலையடியில் நின்று எல்லோரிடமும் விசாரித்தான். பண்ணைக்காரி சேற்றுக்குள்ளிருந்து அந்தக் கம்பித்துண்டைப் பொறுக்கினாள். முறுக்கு இன்னும் அதில் இருந்தது. தன் கையால் திறந்துவிட்ட படலை இது, இதைக் கட்டினது யார் என்று கேட்டாள். குரலை உயர்த்தவில்லை.

றெஜினோல்ட் அன்ரனீற்றாவின் பக்கம் திரும்பாமலே தமிழில் சொன்னான். "வாய் திறவாதையும். நான் கட்டினதெண்டு சொல்லுறன்."

"நீங்கள் கீழையெல்லோ நிண்டனீங்கள்."

"நீர் போனாப் பிறகு வந்து கட்டிப்போட்டுக் கீழை திரும்பினனெண்டால் ஆருக்குத் தெரியும்? தெரிஞ்ச மனுசன் செத்துப்போனார்."

அவள் அவனைப் பார்த்தாள். உயிரோடு, சேறும் சகதியுமாக, தடிமன் பிடித்து மூக்கை உறிஞ்சிக்கொண்டு நின்றான். மாதாவிடம் கேட்டது கிடைத்துவிட்டது. அதற்கு இன்னொருத்தியின் புருசனோ தகப்பனோ தண்ணீருக்குள் திரும்பிப் போக வேண்டியிருந்தது. அழுகை வந்தது, அழவும் வெட்கமாக இருந்தது.

"நான்தான்," என்று பண்ணைக்காரியிடம் ஆங்கிலத்தில் சொன்னாள். "கன்று வெளியே போய்விடும் என்று நினைத்தேன்."

பண்ணைக்காரி திட்டவில்லை. கம்பியைச் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டு, எல்லோரையும் மேலே வரச் சொல்லிவிட்டு முன்னால் நடந்தாள். ஒவ்வொருவராகப் படலையைக் கடந்தார்கள். கடைசி ஆள் இந்த முறையும் அன்ரனீற்றாதான். கடந்ததும் அவளுடைய வலது கை தானாகப் படலைப் பக்கம் எழும்பியது. அவள் அதை மற்றக் கையால் இறுக்கிப் பிடித்துக்கொண்டு நடந்தாள்.