முந்தின நிறுத்தத்தில் வண்டி

பள்ளிப் பேருந்து எங்கே வருகிறது என்று பெற்றோருக்குச் சொல்லும் செயலி ஒன்றை ஜெயநகரில் ஒரு சிறிய நிறுவனம் நடத்திவந்தது. அதில் எந்த வசதியைச் செய்வது, எதை விடுவது என்று தீர்மானிப்பது ஸ்பூர்த்தியின் வேலை. அவளும் பொறியாளன் உல்லாஸும் ஒரு மழைக்காலம் முழுக்க மெனக்கெட்டு, குட்டி மஞ்சள் பேருந்து தெருத்தெருவாக நகரும் வரைபடம் செய்தார்கள். வளைவுகளில் அது திரும்பும் அழகைப் பார்க்க அலுவலகமே கூடியது. பெற்றோர்தான் பார்க்கவில்லை. ஆசையாகத் திறந்தவர்களும் ஒரு வாரத்தில் விட்டுவிட்டார்கள்.

"தினம் ஒரு மெசேஜ் அனுப்பலாமா? 'மேப்ப பாருங்க'ன்னு?" என்றான் உல்லாஸ்.

"நச்சரிச்சா ஆப்பையே தூக்கிருவாங்க."

மறுநாள் காலை அவள் பனசங்கரியில் ஒரு நிறுத்தத்தில் போய் நின்றாள். எதிர்வீட்டு வாசலில் ரூபகலா என்ற பெண், வாயில் ரிப்பனைக் கவ்வியபடி மகளுக்குப் பின்னல் போட்டுக்கொண்டிருந்தாள். அவள் கைபேசி ஒரு தடவை அடித்து ஓய்ந்தது. அவள் அதைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. ரிப்பனைத் துப்பிவிட்டு, "ஷூவ மாட்டுடி, வந்துருச்சு!" என்று விரட்டினாள்.

"யாருங்க கூப்பிட்டது?" என்று கேட்டாள் ஸ்பூர்த்தி.

"முந்தின ஸ்டாப் நாகவேணி அக்கா. அவங்க பையன் ஏறினதும் ஒரு மிஸ்டு கால் குடுப்பாங்க."

"ஆப்ல மேப் இருக்கே?"

ரூபகலா சிரித்துவிட்டாள். "எந்தக் கையால பாக்கறது மேடம்? எனக்கென்ன மூணு கையா இருக்கு?"

அலுவலகத்தில் இதைக் கேட்டதும் உல்லாஸின் முகம் வாடிவிட்டது. "அப்போ என் பஸ்ஸு?"

"உன் பஸ் இருக்கற இடம் தெரிஞ்சாத்தானே மணி அடிக்க முடியும், மகராசா?"

அவன் தட்டிலிருந்த காராபாத் உப்புமாவை முடித்துவிட்டு, முணுமுணுத்துக்கொண்டே அந்த மணியைச் செய்ய உட்கார்ந்தான். வண்டி முந்தின நிறுத்தத்தை விட்டதும் கைபேசி ஒருமுறை அடிக்கும். எதையும் திறக்க வேண்டாம், தொட வேண்டாம். ஒரே ஒரு தடத்தில் விட்டுப் பார்த்தார்கள். விளம்பரம் எதுவும் இல்லாமலே மற்ற தடத்துப் பெற்றோரும் எங்களுக்கும் வேண்டுமென்று கேட்டு வாங்கினார்கள்.

தசரா விடுமுறை முடிந்த முதல் நாள் ஏதோ கோளாறு, மணி அடிக்கவில்லை. அலுவலகத்தில் தொலைபேசி ஓயவே இல்லை.

"என்ன மேடம் இப்படிப் பண்ணிட்டீங்க?" என்று பொரிந்தாள் ரூபகலா. "இவ பல்லு விளக்கிட்டு நிக்கறா, பஸ் போயிருச்சு! உங்க மணிய நம்பி நாகவேணி அக்காவும் மிஸ்டு கால் குடுக்கறத விட்டுட்டாங்க. ஆட்டோ புடிச்சு அனுப்பினேன்!"

"தப்பு எங்களோடதுதாங்க. நாளைக்குக் கண்டிப்பா அடிக்கும்," என்று மனசாரச் சொல்லிவிட்டு வைத்த ஸ்பூர்த்திக்குச் சிரிப்பு அடங்கவில்லை.

"திட்டு வாங்கிட்டு என்ன சிரிப்பு?" என்றான் உல்லாஸ்.

"போன மாசம் மேப் மட்டும் ரெண்டு நாள் படுத்துக் கிடந்துச்சே, யாராவது கேட்டாங்களா?"

அவன் யோசித்தான். அவனுக்கும் சிரிப்பு வந்தது. மறுபடி தொலைபேசி அடிக்க, அவளை முந்திக்கொண்டு அவனே எடுத்தான்.

"சொல்லுங்க மேடம், திட்டுங்க."