ஆவுடையப்பன் கடை எழுத்து

ஆவுடையப்பன் எண்ணெய்க் கடையின் எழுத்துகள் வேறு எங்கும் இரவு தங்குவதில்லை. அந்தமானின் ரங்கத் ஊரில் ஒரு மொபைல் கடைக்காரர் அந்த எழுத்துருவை நகலெடுத்து பிளெக்ஸ் அடித்தார். விடிந்தபோது பிளெக்ஸ் வெறும் மஞ்சளாக இருந்தது. கேம்பல் பேயில் ஓய்வுபெற்ற சுபேதார் ஒருவர் அதே எழுத்தில் வீட்டுக்கு வைத்த பெயரும் அப்படியே போனது. போன எழுத்துகள் போர்ட் பிளேர் பஜாரில் ஆவுடையப்பன் கடைப் பலகையின் அடியில் வந்து ஒட்டிக்கொண்டிருக்கும். கடை ஆட்கள் அவற்றை மண்ணெண்ணெய்த் துணியால் துடைத்துவிட்டு வியாபாரத்தைத் தொடங்குவார்கள்.

வரைந்தவள் குட்வில் எஸ்டேட்டில் இருந்த ஷிபா. கடைக்கு எழுபது வயதானபோது, பழைய எண்ணெய்த் தகரங்களின் சாயலில் தனி எழுத்துரு வேண்டுமென்று முதலாளி சிவபிரகாஷ் கேட்டார். ஒரு மழைக்காலம் முழுக்க வரைந்தாள். கடைப் பொருள்களைத் தவிர வேறெதிலும் அது வரக்கூடாது என்ற ஒப்பந்தத்தில், எல்லோரையும் போல, படிக்காமல் கையெழுத்துப் போட்டாள். அடுத்த மழைக்கு முன் காய்ச்சலில் இறந்தாள்.

அவளை அடக்கிய கபரின் தலைமாட்டு மீசான் கல்லில் அவள் பெயரை அவள் எழுத்திலேயே வெட்ட வேண்டும் என்று அவள் கணவன் பைசல் விரும்பினான். சிவபிரகாஷிடம் போனான்.

“ரெண்டே எழுத்து, அண்ணாச்சி. வேற எழுத்துல பாத்தா யாரோ பொம்பள பேரு மாதிரி இருக்கு.”

“நான் மாட்டேன்னா சொல்லுதேன்? ஆனா நிக்காதுடே. எம்மவ கல்யாணப் பத்திரிகைக்கே நிக்கல. வெறும் அட்டைய அனுப்பியிருக்கீரேன்னு மெயின்லேண்ட்ல சம்பந்தி சிரிக்காரு.”

“ஆழமா வெட்டச் சொல்றேன்.”

கல் வெட்டும் நல்லதம்பி விரல் புதையும் ஆழத்துக்கு வெட்டினார். மறுநாள் கல்லைத் தடவிப் பார்த்தார். “உளி பட்ட தடமே இல்ல, பாய். பக்கா புதுக் கல்லு.”

கடைப் பலகையின் அடியில் ஷிபா என்று இருந்தது. கீழே தரையில் கொஞ்சம் கல்தூள் கிடந்தது. மண்ணெண்ணெய்க்கு அந்தப் பெயர் போகவில்லை. பெயின்ட் அடித்தார்கள், மதியத்துக்குள் மேலே வந்துவிட்டது. பலகையை மாற்றினார்கள், புதுப் பலகையிலும் வந்தது. பிறகு எண்ணெய் பாட்டில்களின் லேபிளிலும் வந்தது. கடை எழுத்து கடைப் பொருளில்தானே இருக்கிறது, மீறல் ஒன்றுமில்லை என்று வக்கீல் சொன்னார். சிவபிரகாஷ் அதோடு விட்டுவிட்டார்.

இப்போது தீவுகளில் யாரும் ஆவுடையப்பன் எண்ணெய் என்று கேட்பதில்லை. ஒரு ஷிபா கொடுங்கள் என்று இந்தியில் “ஏக் ஷிபா தேனா” என்கிறார்கள். கபரின் கல் வெறுமையாக நிற்கிறது. மழை பெய்தால் அதிலிருந்து தேங்காயெண்ணெய் வாசம் வருகிறது. வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுகை முடிந்ததும் பைசல் பஜாருக்கு வந்து பலகையின் கீழ் நின்று அவளுக்காகப் பாத்திஹா ஓதுகிறான். அவன் ஓதி முடிக்கும்வரை சிவபிரகாஷ் தராசைத் தொடுவதில்லை. வாங்க வந்தவர்களும் காலி பாட்டிலைப் பிடித்தபடி காத்திருக்கிறார்கள்.